இரண்டாவது கார்டு

என் அக்கா முப்பத்தோரு வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் ஓடும் கேபிள்களுக்கு அவள் பொறுப்பு. ஒரு மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் இன்னொரு மாடியில் இருக்கும் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமானால் அக்கா ஏணியில் ஏற வேண்டும். அலுமினிய ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நடந்து வந்தால் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள்கூட ஒதுங்கி வழி விடுவார்கள். அதனால் ஏணியம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் அங்கே பாதிப் பேருக்கு ஆள் தெரியாது.

அவளோடு அதே அறையில் வேலை பார்த்தவர் டப்பாக்காரர். அவர் எதையும் தூக்கிப் போடமாட்டார். கழன்ற திருகு, உடைந்த கிளிப்பு, பாதி அறுந்த ஒயர், எந்த மெஷினோடோ வந்த டிஸ்க், எல்லாம் பிஸ்கட் டப்பாக்களுக்குள் போகும். ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் மணிமணியான கையெழுத்து. யாராவது கேலி செய்தால், “நாளைக்கு வேணும்னு வருவீங்கல்ல, அன்னைக்குப் பார்க்கிறேன்” என்பார். பெரும்பாலும் மறுநாளே யாராவது வந்து நிற்பார்கள்.

அந்த ஆஸ்பத்திரி முழுவதையும் கம்பி போட்டு இணைத்தது இவர்கள் இரண்டு பேரும்தான். எனக்கு அப்போதுதான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் அக்காவோடு சேர்ந்து வீடு திரும்பலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போவேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நாலாவது மாடிக்கு நீல ஒயரா, மஞ்சள் ஒயரா என்பதுதான் சண்டை. உலகத்தில் வேறு பிரச்சினையே இல்லை என்பது போல இருக்கும். இருவர் தலையிலும் கூரைத் தூசி. அக்காவுக்கு முப்பது வயதிலேயே நரைத்துவிட்டதோ என்று நான் ஒருமுறை பயந்தே போனேன்.

முதன்முதலில் இரண்டு முனைகளையும் இணைத்த நாளைப் பற்றி அக்கா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவள் நாலாவது மாடியில், அவர் கீழே ரெக்கார்டு அறையில். கையில் போன் கிடையாது. வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் ஏதாவது தட்டி அனுப்ப வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல், “சாப்பிட்டாச்சா?” என்று அடித்தாள். கொஞ்ச நேரம் திரை சும்மா இருந்தது. பிறகு எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. “இல்லை. கீழே வாங்க.” அந்தக் கட்டடத்தில் கம்பி வழியாகப் போன முதல் பேச்சு அதுதான். அக்கா நாலு மாடியையும் ஓடியே இறங்கினாளாம்.

இப்போது அவள் ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம். விடைபெறும் நாளில் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே பிரிவிலிருந்து கழித்துப் போடவிருந்த ஒரு பழைய சர்வரைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கீழ்வீட்டில் அவளும் அத்தானும், மாடியில் தங்கை நான். அத்தான் தையல்காரர். முன்னறையில் மெஷின், பின்னறையில் துணி அலமாரி. அந்த அலமாரிக்குப் பக்கத்தில் சர்வருக்கு இடம் கிடைத்தது.

“வீட்டோட மாப்பிள்ளை வந்தாச்சு” என்றார் அத்தான். “தனி ரூம், தனி ஃபேன், வேளா வேளைக்குக் கரண்ட். வாயைத் திறந்தா உறுமல். ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாது.”

ஆனால் அது வேலை செய்தது. எங்கள் குடும்பத்துப் படங்கள் எல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்தன. வெளியூரில் இருக்கும் அக்கா மகள் தன் குழந்தையின் படங்களை அங்கிருந்தே இதில் போடுவாள். அத்தான் ரேடியோவிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்திருந்த பாட்டுகளை அக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். நான் வீட்டுப் பத்திரத்தின் நகலைப் போட்டு வைத்தேன். ஆஸ்பத்திரி நாட்களின் படங்களும் ஒரு மூலையில் கிடந்தன. மாப்பிள்ளை என்று கேலி பேசிய அத்தானே, தைக்கும்போது பாட்டு வரவில்லையென்றால் “மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்ன?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

உடம்புக்கு வந்தது ஒரு சனிக்கிழமை காலையில்.

சர்வரில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வயதாகிவிட்டது, இனி அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று ஆறு மாதமாகவே அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. அக்கா எல்லாவற்றையும் தனி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். மெஷின் ஒழுங்காக எழுந்து வந்தது. ஆனால் பின்பக்கம் கேபிள் சொருகும் நெட்வொர்க் கார்டில் பச்சை விளக்கு எரியும், ஐந்து எண்ணுவதற்குள் அணையும், மறுபடி எரியும். முன்னறையில் பாட்டு நின்றுவிட்டது.

“என்ன ஆச்சு?” என்று அத்தான் கத்திரிக்கோலும் கையுமாக வந்து நின்றார்.

அக்கா திரையில் ஓடிய வரிகளைப் படித்தாள். “கார்டுக்குள்ளயே சின்னதா ஒரு புரோகிராம் எழுதி வச்சிருப்பாங்க, ஃபர்ம்வேர்னு. அது ரொம்பப் பழசு. கார்டோட பேசறதுக்குப் புது சிஸ்டத்துல வந்திருக்கிற டிரைவர், இவ்வளவு பழசு எனக்கு ஒத்துவராதுங்குது.”

அத்தான் விழித்தார்.

“நீங்க அளவைச் சென்டிமீட்டர்ல எழுதிக் குடுக்கறீங்க. வெட்டற ஆளு இன்ச் டேப்பை வச்சுக்கிட்டு நிக்கறான். சட்டை எப்படி வரும்?”

“வெளங்கினாப்பலதான் வரும்” என்றார் அத்தான். “அப்ப அந்த ஆளை அனுப்பிட்டு வேற ஆளைப் போடு. கடையில புதுக் கார்டு கிடைக்காதா?”

“கிடைக்கும். ஆனா இது கெட்டுப்போகலையே. டேப்பை மாத்திக் குடுத்தா நல்லா வெட்டுவான்.”

மெஷினிலேயே இருந்த இன்னொரு நெட்வொர்க் இணைப்பு என்றைக்கோ இடி விழுந்தபோது கருகிவிட்டிருந்தது. இந்தக் கார்டை விட்டால் வேறு வழியில்லை. என் போனை வாங்கி அக்கா தேடினாள். கார்டைச் செய்த கம்பெனி வெளியிட்ட புது ஃபர்ம்வேர் கிடைத்தது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு வந்து ஏற்றப் பார்த்தால், இது இந்தக் கார்டுக்கு உரியதல்ல என்று மறுத்துவிட்டது. எக்ஸ்ரே கருவிகள் விற்ற ஒரு நிறுவனம் இந்தக் கார்டை வாங்கித் தன் முத்திரையைக் குத்தி விற்றிருந்ததாம். அவர்கள் கொடுக்கும் கோப்பைத்தான் இது ஏற்றுக்கொள்ளும். அந்த நிறுவனமோ இப்போது இல்லை. அதன் பக்கத்தைத் திறந்தால் வெள்ளைத் திரைதான் வந்தது.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

“ஒருத்தர்கிட்ட இருக்கும்” என்றாள் கடைசியில்.

“யார்கிட்ட?”

“டப்பாக்காரர்கிட்ட.”

“அப்புறம் என்ன? போன் பண்ண வேண்டியதுதானே.”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பண்றது?”

டப்பாக்காரர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்று பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றிவிட்டார்கள், தூரம், அதனால் வரமுடியவில்லை என்றுதான் அக்கா சொல்லிவந்தாள். அக்கா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தும் அவர் வரவில்லை. எனக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது. அன்றைக்குத்தான் அக்கா உண்மையைச் சொன்னாள்.

எக்ஸ்ரே பிரிவில் ஒரே மாதிரி இரண்டு சர்வர்கள், ஒரே மாதிரி இரண்டு கார்டுகள். இரண்டுக்கும் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்லி அந்த எக்ஸ்ரே நிறுவனம் ஒரு டிஸ்க் அனுப்பியது. ஒரு மத்தியானம் இவர்கள் இருவரும் முதல் கார்டில் ஆரம்பித்தார்கள். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அரை நிமிஷம்தான். யுபிஎஸ்ஸில் இருந்திருந்தால் மெஷினுக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் ப்ளக் யுபிஎஸ்ஸில் இல்லை, சுவரில் இருந்தது. மெஷின் அணைந்தது. பாதி எழுதிய கார்டு அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஒன்பது மணி நேரம் எந்த வார்டுக்கும் எக்ஸ்ரே படம் போகவில்லை. ஊழியர்கள் டிஸ்க்குகளைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, அந்த மட்டும் தப்பித்தது. நிர்வாக அதிகாரி அக்காவிடம் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். மெஷின் யுபிஎஸ்ஸில் இணைக்கப்படவில்லை என்று அக்கா எழுதினாள். இணைப்பு கொடுப்பது டப்பாக்காரர் வேலை.

“அவர் ஒரே ஒருவாட்டிதான் சொன்னார்” என்றாள் அக்கா. “நான் யுபிஎஸ்லதானே சொருகினேன்னு சொன்னார். நான் அவரைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சுவத்தைக் காட்டினேன். பாருங்க, எங்க இருக்குன்னு கேட்டேன். அவர் பார்த்தார். அப்புறம் வாயே திறக்கலை.”

ஒரு மாதத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. அந்த இரண்டாவது கார்டை இனி யாரும் தொடக்கூடாது என்றும் அதிகாரி சொல்லிவிட்டார். இப்போது எங்கள் வீட்டு சர்வரில் இருப்பது அதுதான்.

நாலு மாதம் கழித்து அக்கா அதே அறைக்கு வேறு வேலையாகப் போனாள். அலமாரிக்குப் பின்னால் இருட்டு. ஏணியில் மாட்டும் விளக்கைப் போட வேண்டும். கையை நீட்டினாள். யுபிஎஸ் பலகையில் இருந்த ஒரு ப்ளக்கைக் கை தானாகப் பிடுங்கிச் சுவரில் சொருகிவிட்டு, அந்த இடத்தில் விளக்கைச் சொருகியது. சொருகிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கும் இதே கைதான் இதையே செய்திருக்கிறது. ஏதோ ஃபேன் ஒயர் என்று நினைத்து அவள்தான் மாற்றிப் போட்டிருக்கிறாள்.

“ஏணியை அப்படியே போட்டுட்டு வந்து படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன். அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளித் தள்ளி… அப்புறம் இவ்வளவு நாள் கழிச்சு எப்படிச் சொல்றதுன்னு ஆயிடுச்சு.”

முன்னறையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அத்தான் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இருபத்தெட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவருக்கும் அன்றுதான் தெரியும். அவர் திட்டவில்லை. “போனைப் போடு” என்றார். “கார்டுக்காக இல்லைன்னாலும் போடு.”

எண் பழைய டைரியில் இருந்தது. எடுத்தது அவர் மனைவி. நான் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் கேட்டது.

“நான்தாங்க, ஆஸ்பத்திரி… ஏணியம்மா பேசறேன்.”

“அவரைக் கூப்பிடறேன்” என்று ஒரே வரி. நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் வந்தார். அக்கா பச்சை விளக்கு எரிந்து அணைவதைச் சொன்னாள். பாதியிலேயே அவர் குறுக்கிட்டார்.

“ரெண்டாவது கார்டா?”

“ஆமாங்க.”

“இன்னும் உயிரோட இருக்கா அது?” குரலில் ஒரு ஆர்வம் எட்டிப் பார்த்தது, உடனே மறைந்தது. “டிஸ்க் என்கிட்டதான் இருக்கு. கொடுத்து அனுப்பறேன்.”

“டிஸ்க்கை வாங்கிக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள் அக்கா. சொன்னாள். விளக்கைப் பற்றி, கையைப் பற்றி, நாலு மாதத்தைப் பற்றி, சொல்லாமல் விட்ட வருஷங்களைப் பற்றி. நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்தது, நிறுத்திக்கொண்டு மறுபடி சொன்னாள்.

“நாளைக்குக் காலையில வர்றேன்” என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார். தலை முழுக்க வெள்ளை, கண்ணாடியில் கயிறு. கைப்பையில் ஒரு பச்சை டப்பா. என்னைப் பார்த்து, “சௌக்கியமாம்மா?” என்றார். அத்தானைப் பார்த்துத் தலையசைத்தார். அக்காவைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனார். சர்வரைப் பார்த்தார், ஒரு நிமிஷம் அதன் தலையில் கையை வைத்தார், பிறகு குனிந்து அதன் ஒயரைப் பிடித்தார். மெஷினிலிருந்து ப்ளக் வரைக்கும், விரலை ஒயரிலிருந்து எடுக்காமல், தடவிக்கொண்டே போனார். யுபிஎஸ்ஸில்தான் இருந்தது. ப்ளக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அக்கா கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“இஸ்திரிப் பெட்டியை அணைச்சுட்டேன்” என்றார் அத்தான். “மோட்டார் போடமாட்டேன். மிக்ஸியும் யாரும் போடவேண்டாம்.” என்னை மெயின் ஸ்விட்ச் பக்கம் நிறுத்தினார். யாராவது வந்து கைவைத்துவிட்டால்? எங்கள் வீட்டில் யார் வந்து கைவைக்கப்போகிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காவல்காரி மாதிரி நின்றேன்.

டப்பாவைத் திறந்தார். காகித உறைக்குள் டிஸ்க், உறைமேல் தேதி, அவர் கையெழுத்து. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சர்வரின் டிஸ்க் தட்டு வெளியே வரமாட்டேன் என்றது. அக்கா பட்டனை அழுத்தினாள், அவர் அழுத்தினார். உள்ளே ஏதோ முனகியது, அவ்வளவுதான். “தள்ளுங்க” என்று அத்தான் முன்னால் வந்தார். சட்டைக் காலரில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசிகளில் நீளமான ஒன்றை எடுத்துத் தட்டில் இருந்த பொடித் துளைக்குள் விட்டு மெல்ல நெம்பினார். தட்டு நாக்கை நீட்டுவது போல வெளியே வந்தது. அத்தான் அன்று முழுவதும் அந்தப் பெருமையிலேயே இருந்தார்.

முதலில் கார்டில் இருக்கும் பழைய ஃபர்ம்வேரைப் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டார்கள். ஏதாவது ஏடாகூடமானால் திரும்பிப் போக ஒரு வழி வேண்டுமே. பிறகு டிஸ்க்கிலிருந்து புதியதை ஏற்றும் கட்டளையை அக்கா அடித்தாள். அடித்துவிட்டு, கடைசிப் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அழுத்துங்க” என்றார் அவர்.

எண்கள் ஏறின. பத்து, இருபத்தைந்து, நாற்பது. அறுபத்திரண்டில் நின்றது.

நின்றது நின்றதுதான். ஒரு நிமிஷம் ஆயிற்று. இன்னொரு நிமிஷம். அக்காவின் கை விசைப்பலகையை நோக்கி நகர்ந்தது.

“ஏணியம்மா, கை.”

அக்கா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வந்ததிலிருந்து அந்தப் பெயரை அவர் அப்போதுதான் சொன்னார். இருவரும் அந்த அறுபத்திரண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அறுபத்து மூன்று வந்தது. அதன்பின் சரசரவென்று ஏறி நூறில் போய் நின்றது. வெற்றி என்றது திரை.

அக்கா மெஷினை அணைத்து மறுபடி போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து எண்ணுவதற்குள் அணைந்தது.

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். டப்பாக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா தரையில் உட்கார்ந்து விளக்கையே பார்த்தாள். எரிந்தது, அணைந்தது.

“மெஷினை அணைச்சாலும் இந்தக் கார்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும்” என்றாள் மெதுவாக. “அதனால உள்ள இன்னும் பழசுதான் ஓடுது. ஒயரையே பிடுங்கணும்.”

அவர் யோசித்தார். “சரிதான். பிடுங்குங்க.”

அக்கா அசையவில்லை. அவரைப் பார்த்தாள்.

“நீங்களே பிடுங்குங்க” என்றார் அவர்.

அக்கா நகர்ந்து போய் மெஷினை முழுசாக அணைத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கினாள். உறுமல் நின்றது. ஐந்து வருஷத்தில் அந்த அறை அவ்வளவு நிசப்தமாக இருந்ததில்லை. வாய்விட்டு முப்பது எண்ணினாள். மறுபடி யுபிஎஸ்ஸில் சொருகினாள், அழுத்திப் பார்த்தாள், பட்டனைத் தட்டினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து எண்ணினோம். பத்து எண்ணினோம். அத்தான் இருபது வரைக்கும் எண்ணினார். அணையவில்லை. திடீரென்று முன்னறையில் பாதியில் நின்றிருந்த பாட்டு கிளம்பியது. ஒருவரும் எதிர்பார்க்காததால் நாலு பேரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினோம். டப்பாக்காரர் முதலில் சிரித்தார்.

எல்லாப் படமும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நான் என் போனில் திறந்தேன். கை போன இடத்தில் ஆஸ்பத்திரிப் படங்கள் வந்தன. மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, இரண்டு டிபன் பாக்ஸ். ஃபால்ஸ் சீலிங்கின் ஓட்டை வழியாக அக்காவின் இரண்டு கால்கள் மட்டும் தொங்கும் ஒரு படம். அவர் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது நான் எடுத்தது. கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டே எடுத்தேன். அதான் ஆடியிருக்கு.” ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். “இந்தப் பையன் ஆய்வுக்கூடத்துல இருந்தானே… இந்தம்மா மருந்துக் கவுன்டர்… தொட்டிக்குப் பக்கத்துல ஒரு பூனை வருமே, அதுக்குப் படம் இல்லையா?”

“இருக்கு, தள்ளுங்க” என்றாள் அக்கா.

பூனை வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “எனக்கு அடுத்த வருஷமே தெரியும்.”

அக்கா நிமிர்ந்தாள்.

“யோசிச்சுக்கிட்டே இருந்தேன். யுபிஎஸ்ல சொருகினது என் கைக்குத் தெரியும். அந்த ரூம்ல அன்னைக்கு ரெண்டே பேர். நான் மாத்தலைன்னா சுவரா வந்து மாத்தும்?”

“கேட்டிருக்கலாமே…”

“நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். கல்யாணப் பத்திரிகை வந்துச்சே, அதுக்குள்ள ஏதாவது கடிதம் வச்சிருப்பீங்கன்னு உறையைக் கிழிச்சு உதறிப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை. அதான் வரலை.”

அக்கா அழுதாள். அவர் அவளை அழவிட்டார். அத்தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“அந்தக் கிளை என் வீட்டுக்குப் பக்கம்” என்றார் அவர். “தினமும் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். பையன் வளர்றதைக் கூட இருந்து பார்த்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது நீங்க செஞ்ச உபகாரம்னு நினைச்சுக்காதீங்க.”

“நினைக்கலைங்க.” அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். என் தப்புதான்னு.”

“யாருக்கு எழுதுவீங்க? அந்த அதிகாரி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. ஃபைலை எலி தின்னிருக்கும்.” டிஸ்க்கை உறையில் போட்டு, உறையை டப்பாவில் போட்டு மூடினார். “அதெல்லாம் வேணாம். என் வீட்டுக்காரிகிட்ட வந்து சொல்லுங்க. அவ இன்னும் நான்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கா.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் பஸ் ஏறினோம். இரண்டு பஸ் மாற வேண்டும். வழியெல்லாம் அக்கா வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு அறை வீடு. ஒரு சுவர் முழுக்க டப்பாக்கள். அவர் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு வந்து நின்றார். உட்காருங்கள் என்றார், ஆனால் அவர் உட்காரவில்லை. வழியில் தயார் செய்ததெல்லாம் அக்காவுக்கு மறந்துவிட்டது. “ப்ளக்கை மாத்தினது நான்தாங்க. உங்க வீட்டுக்காரர் சரியாத்தான் போட்டார்” என்று நின்றபடியே சொன்னாள். பிறகு முழுசும் சொன்னாள்.

அந்த அம்மாள் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் அக்காவை விட்டுவிட்டுத் தன் கணவர் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு அடுத்த வருஷமே தெரியுமா? என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா நம்பியிருப்பியா? தப்பிச்சுக்கறதுக்காக அடுத்தவங்க தலையில கட்டறேன்னு சொல்லியிருப்ப.”

அந்த அம்மாள் யோசித்தார். “சொல்லியிருப்பேன்” என்றார்.

பிறகு எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். “பதினோரு வருஷமா, இந்த மனுஷன் குழாயை மூடாம வந்தாலும் சரி, கதவுக்குத் தாழ் போடாம வந்தாலும் சரி, ‘அன்னைக்கு ப்ளக்கை மாத்திப் போட்ட கைதானே இது’ன்னு சொல்லியிருக்கேன். ஒருநாள்கூட எதிர்த்துப் பேசினதில்லை.” முந்தானையில் கையைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். “உங்களை நல்லாத் திட்டணும்னு இருக்குங்க. ஆனா இன்னைக்கு எனக்கு இவரைப் பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு. இன்னொரு நாள் வாங்க, திட்டறேன்.”

“வர்றேன்” என்றாள் அக்கா.

டீ வந்தது. டப்பாக்காரர் ஒரு டப்பாவை இறக்கி, அதில் நாலாவது மாடி மஞ்சள் ஒயரின் துண்டு ஒன்று இருப்பதைக் காட்டினார். நீலம்தான் போட்டிருக்க வேண்டும் என்று அக்கா ஆரம்பித்தாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, “இதுங்க எப்பவுமே இப்படித்தானா?” என்று கேட்டார்.

அக்கா அதற்குப் பிறகு நாலைந்து முறை போய் வந்துவிட்டாள். இன்னும் திட்டு விழவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெயில் சாய்ந்து இதமாகக் காற்று வந்தது. இரண்டாவது நிறுத்தம் தாண்டுவதற்குள் அக்கா தூங்கிவிட்டாள், தலை என் தோளில். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அப்படி அயர்ந்து தூங்கி நான் பார்த்தே ரொம்ப நாள் ஆகிவிட்டது. எங்கள் நிறுத்தம் வந்தபோது எழுப்ப மனம் வரவில்லை. அடுத்ததில் இறங்கிக் கொஞ்ச தூரம் திரும்பி நடந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.